கைவிடப்பட்டவள் என்று என்னைப் படம் பிடித்தார்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை யாரும் எங்கேயும் கொண்டுபோய்த் தள்ளவில்லை. ஏற்காட்டில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் நாற்பத்தாறு நாள் இருந்தேன். நானே கேட்டுப் போனேன், நானே கையெழுத்துப் போட்டேன், கால் சரியானதும் நானே நடந்து வெளியே வந்தேன். இதை நாகலூரில் பார்க்கிற ஆட்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். எல்லோரும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "ஆமாங்க, அப்படித்தான் சொல்லிக்கோணும்" என்று உச்சுக் கொட்டுகிறார்கள். இனி வாயால் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்துதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. வயது அறுபத்தாறு. நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸில் இருபத்தேழு வருடம் செக்ரோல் எழுதினேன். இன்றைக்கு யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று பதிவேட்டில் குறிக்கிற வேலை அது. காய்ச்சல் என்று சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்குப் போனவர்களையும், கல்யாணம் என்று சொல்லிவிட்டு வீட்டில் படுத்துத் தூங்கியவர்களையும் அன்றாடம் பார்த்தவள். சோகமான முகம் ஒன்றைக் கண்டதும் உருகிவிடுகிற பழக்கம் எனக்கு இல்லை. என் வீட்டுக்காரர் சேவியர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரே மகள் ஷீலா, கோயம்புத்தூரில் வேலை, அங்கேயே குடும்பம். நான் தனியாகத்தான் இருக்கிறேன். என் வீடு ரோட்டுக்குக் கீழே, பள்ளத்தில். ரோட்டிலிருந்து இருபத்துமூன்று கல்படி இறங்கினால்தான் வாசல்.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, களத்தில் காயப்போட்ட போன வருடத்து மிளகின் மேல் படுதாவை இழுக்க ஓடினேன். பாசி பிடித்த இடத்தில் கால் வைத்து விழுந்தேன். பெரிய விழுகை ஒன்றும் இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது, என்னுடையது இல்லை என்கிற மாதிரி. அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். ஒருவர் தைலம் தேய்த்தார். ஒருவர் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் அவர் மூன்று நாள் என் முகத்தில் விழிக்கவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். இன்னொருவர் நாட்டுக் கட்டு போட்டால் ஒரே வாரம் என்றார். ஷீலா போனிலேயே அத்தனை பேரையும் அதட்டி, சேலத்துக்கு ஆம்புலன்ஸ் வரவழைத்தாள். மலை இறங்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நான் எண்ணினேன். ஒவ்வொரு வளைவிலும் எலும்பின் ஒரு முனை இன்னொரு முனையில் உரசுவதை உணர்ந்தால் யாராக இருந்தாலும் எண்ணுவார்கள்.

சேலத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கிறது என்றார்கள். தொடை எலும்பின் மேல் நுனியில் ஓர் உருண்டை இருக்கிறது. அது இடுப்பில் உள்ள குழிக்குள் உட்கார்ந்து சுழல்கிறது. உருண்டைக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள ஒடுக்கமான இடம்தான் கழுத்து. அது முறிந்தால் உருண்டைக்கு ரத்தம் போவது நின்றுவிடும், என் வயதில் ஒட்டவைத்தாலும் ஒட்டாது. ஆகவே உருண்டையை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைக்க வேண்டும். மயக்கம் கொடுப்பதற்கு முன் இதயம் தாங்குமா, சர்க்கரை எவ்வளவு என்று இரண்டு நாள் ஒவ்வொரு அறையாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு அறைக்கு வெளியிலும் சுவரோரம் ஸ்ட்ரெச்சரில் காத்துக் கிடந்தேன். மேலே பார்த்துப் படுத்திருப்பவரிடம் யாரும் பேசுவதில்லை, தள்ளிக்கொண்டு வருகிறவரிடம்தான் கேட்கிறார்கள், "இவங்களுக்கு என்னங்க?" என்று. பயம் எனக்கு அங்கேதான் வந்தது. செத்துவிடுவேனோ என்றில்லை. இனி என்றைக்கும் இப்படிப் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடிதான் இருக்கப்போகிறேனோ என்று.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஷீலா எட்டு நாள் லீவு போட்டு, கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தாள். தலை சீவிவிட்டாள், கால் நகம் வெட்டிவிட்டாள். ஆஸ்பத்திரி இட்லியை நான் தொடமாட்டேன் என்று தெரிந்து எங்கிருந்தோ ஒரு வீட்டில் சொல்லி ராகிக் களியும் கீரையும் வாங்கி வந்தாள். அந்த எட்டு நாளும் நாகலூர், கரடியூர் ஆட்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். எனக்கு ஒரு மரியாதை வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் படுப்பது நம் ஊரில் ஒரு கௌரவம், எத்தனை நாள் ஐசியூவில் இருந்தீர்கள் என்று கேட்கும்போதே கேட்பவர் கண்ணில் ஒரு ஆசை தெரியும். அதே கட்டில், அதே ஊசி, அதே வெள்ளை உடுப்பு நர்ஸ். வாசலில் உள்ள பலகையில் மட்டும் வேறு பெயர் இருந்தால் போதும், மரியாதை முழுவதும் போய்விடும் என்று எனக்கு அப்போது தெரியாது.

எட்டாம் நாள் டாக்டர் கட்டிலோரம் வந்து நின்றார். "ஆபரேஷன் என் வேலை. முடிஞ்சிருச்சு. நடக்கறது உங்க வேலைங்கம்மா. ஆறு வாரம் தினமும் ரெண்டு வேளை பயிற்சி. குத்த வைக்கக் கூடாது, கால் மேல கால் போடக் கூடாது, தாழ்வா உக்காரக் கூடாது. உருண்டை குழிய விட்டு நழுவிரும். இந்த ஆறு வாரத்தை விட்டுட்டா அப்புறம் வாக்கரோட நாலு சுவத்துக்குள்ளதான்."

வீட்டில் யார் இருக்கிறார்கள், படி எத்தனை என்று கேட்டார். சொன்னேன். அவர் ஷீலாவைப் பார்த்தார். ஷீலா என்னைப் பார்த்தாள். அவள் வீடு கோயம்புத்தூரில் மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. பகல் முழுவதும் வீட்டில் ஆள் இல்லை. ஏற்காட்டிலேயே நர்ஸும் பயிற்சி கொடுக்கிறவரும் இருக்கிற இல்லம் ஒன்று உண்டு என்று டாக்டர்தான் சொன்னார். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த இருபத்துமூன்று படியை நானாக இறங்கி, நானாக ஏற வேண்டும். முடியாவிட்டால் அந்த வீடு எனக்கு இல்லை. சரி என்றேன்.

வீராப்பாகச் சரி என்றேனே தவிர, உள்ளே போகிற அன்று எனக்கும் பயம்தான். நானும் இந்த ஊரில்தானே வளர்ந்தேன். பினாயில் நாற்றம், வரிசையாகக் கட்டில்கள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வரும் வழியைப் பார்க்கும் கிழங்கள், ஒரு பெரிய அண்டாவில் கஞ்சி. இப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் அது பழைய பங்களா ஒன்று. என் அறையில் ஒரு ஜன்னல், அதற்கு வெளியே ஒரு சவுக்கு மரம், கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிடும் மணி. தலைமை நர்ஸ் செல்வி சிஸ்டர் வந்து ரத்தம் உறையாமல் இருக்க என் வயிற்றில் ஊசி போட்டுவிட்டு, "சாப்பாட்டுக்கு ஹாலுக்கு நடந்து வந்துருங்கம்மா. அறைக்குக் கொண்டாந்து தர மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து நாளுக்குப் பிறகு என்னை ஒருவர் மனுஷியாக நினைத்து வேலை சொன்னார்.

குறை இல்லை என்று சொல்லவில்லை. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். ஹாலில் டிவி காலையிலிருந்து சீரியல்களாக அலறும். மணி அடித்தால் சில நேரம் கால் மணி நேரம் கழித்துதான் ஆள் வரும். இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். சாம்பார் கொஞ்சம் தேறியது, டிவி தேறவில்லை. ஆனால் பார்க்க வந்தவர்களில் ஒருவராவது சாம்பாரைப் பற்றிக் கேட்க வேண்டுமே! ஒருத்தி என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். கட்டிப்போட்ட தடம் இருக்கிறதா என்று. இன்னொருத்தி குரலைத் தாழ்த்தி, "தூக்க மாத்திரை போட்டு அமுத்திருவாங்களாமே, நெசமாங்க?" என்றாள். மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்க முடியாமல் கவிதா என்னை எழுப்பிக்கொண்டே இருக்கிறாள், ஒரு மாத்திரை கிடைத்தால் வாங்கிப் போட்டுக்கொள்வேன் என்றேன். அவள் அதையும் நம்பவில்லை. எங்கள் சர்ச் பங்கின் பெரிய மனிதர் ஒருவர், உங்களுக்கு ஞாபகமெல்லாம் நன்றாக இருக்கிறதா என்று விசாரித்தார். பதினாறு வருடத்துக்கு முன் எந்த வாரத்தில் அவர் வேலைக்கு வராமல் வந்ததாகப் பெயர் எழுதச் சொன்னார் என்று சொல்லிக் காட்டினேன். அதன் பிறகு அவர் வரவில்லை.

கவிதா என்றேனே, அவள்தான் பயிற்சி கொடுக்கிறவள். சேலத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். ஒல்லியான பெண், இரக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. முதல் நாள் படுத்தபடி கணுக்காலை மேலும் கீழும் ஆட்ட வைத்தாள், காலில் ரத்தம் தேங்கிக் கட்டியாகிவிடாமல் இருக்க. பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முட்டியை நீட்டுவது. பிறகு வாக்கர் பிடித்து நிற்பது. நான் முகத்தைச் சுளித்தால், "ஏனுங்கம்மா, வலிக்குதுன்னு நானும் உட்டுட்டு, நீங்களும் உட்டுட்டா, அந்தப் படிய யாருங்க எறங்கறது?" என்பாள். இருபது நாளில் கூடத்துக்கு வெளியே இருக்கும் சிமெண்ட் படியில் நான்கு படி ஏறி இறங்கினேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில். நான்குதான். இன்னும் பத்தொன்பது பாக்கி இருந்தது.

இந்த இடத்தில்தான் வெள்ளையனைச் சொல்ல வேண்டும். மாரமங்கலத்துக்காரர், காப்பியும் மிளகும் கொஞ்சம் சாமையும் போடுகிற விவசாயி. சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்காருவார். நான்கு கால் ஊன்றுகோலை முன்னே வைத்து, வலது காலைக் கொஞ்சம் வீசி வீசி, யார் கையையும் பிடிக்காமல் வந்து உட்காருவார். நான் அவர் கால் எலும்பு முறிந்தவர் என்றே நினைத்திருந்தேன். ஒரு நாள் கேட்டேன்.

"எலும்பில்லீங்க. வாதம். வலப்பக்கம் பூராவும் போயிருச்சுங்க. வாயும் கோணிக்கிச்சு. எங்க பையன் தூக்கியாந்து இங்க உட்டான். இப்ப நாலு மாசமாச்சுங்க."

"பையன் வந்து பாக்கறானுங்களா?"

"பொதங்கெழமையானா பஸ்ஸேறி வந்துருவானுங்க. மொளகு பறிக்கறதுக்குள்ள ஊடு வந்து சேரோணும்னு கண்டிசன் போட்டிருக்கானுங்க. ஆளு கூலி குடுக்க முடியாதாம் அவனுக்கு." சொல்லிவிட்டு ஒரு பக்க வாயால் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டில் இருந்த சோறு அப்படியே இருந்தது. சேவியருக்கும் வலப்பக்கம்தான். மூளையில் ஓர் இடத்துக்கு ரத்தம் போகாமல் அந்த இடம் செத்துப்போவதுதான் வாதம். பக்கத்தில் இருக்கிற இடங்கள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும்; ஆனால் கையையும் காலையும் வேலை வாங்கினால்தான், அதுவும் முதல் சில மாதங்களில் வாங்கினால்தான். இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு ஒரு டாக்டர் இதையேதான் சொல்லி, மூன்று மாதம் இப்படி ஓர் இடத்தில் வைத்துப் பாருங்கள் என்றார். "நாதியத்தவங்க கெடக்கற எடத்துல என் ஊட்டுக்காரரை நான் உடமாட்டனுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பதினான்கு மாதம் கட்டிலில் வைத்துப் பார்த்தேன். தினமும் துடைத்து, வெளுத்த விரிப்பு மாற்றி, கரண்டியால் ஊட்டினேன். அடக்கத்தன்று பூசையில் சாமியார், இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்றார். நான் தலையைக் குனிந்து அந்தப் புகழை வாங்கிக்கொண்டேன்.

கவிதாவிடம் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஒரு நாளைக்கு எத்தன வாட்டி எழுப்பி உக்கார வச்சீங்கம்மா?"

"எழுப்பவே இல்ல கண்ணு. சிரமப்படுத்த வேண்டாம்னு."

அந்தப் பெண் குனிந்து என் கணுக்காலில் எடைப் பட்டையைச் சுற்ற ஆரம்பித்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் பிறந்தநாள் கும்பல் வந்தது. உங்களுக்குத் தெரிந்ததுதான், பிறந்தநாள், திருமண நாள், நினைவு நாள் எதுவானாலும் ஓர் இல்லத்துக்குப் போய்ச் சாப்பாடு போடுவது இப்போது பெரிய புண்ணியம். அந்த இல்லத்தில் ஏழைகளுக்கென்று நான்கு கட்டில்கள் உண்டு, அந்தச் செலவுக்கு இவர்கள் கொடுப்பது உதவுகிறது என்று செல்வி சிஸ்டர் சொன்னார். கொடுக்கட்டும், நான் என்ன தடுத்தேனா? ஆனால் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போகிறவர் உண்டா? ஒரு வயதுக் குழந்தைக்குப் பிறந்தநாளாம். குழந்தை தோளில் தூங்குகிறது. இருபது பேர், எல்லோரும் ஒரே நிறச் சட்டை. நான் வாக்கரோடு ஹாலுக்கு வந்து, கஷ்டப்பட்டு உயரமான நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு பெண் என் இலையில் கேசரி வைத்தாள். இன்னொருத்தி என் மடியில் ஒரு துண்டைப் போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள். எதிரே போன்.

"அம்மா, சிரிக்காதீங்கம்மா. கொஞ்சம் இயல்பா இருங்க."

"நான் சிரிக்கவே இல்லியே. இதுதான் என் மொகம்" என்றேன்.

"பசங்க யாரும் வர்றதில்லீங்களாம்மா?"

"மக வாராவாரம் வாராளுங்க. இடுப்பு ஒடஞ்சு ஆபரேஷன் பண்ணிப் பயிற்சிக்கு வந்திருக்கறேன். இன்னும் இருவத்தஞ்சு நாள்ல போயிருவேன்."

அவள் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. "எல்லாருமே இப்படித்தான் சொல்றாங்க, பாவம்" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள், எனக்குக் காது கேட்காது என்று முடிவு செய்துகொண்டு. நான் உண்மையைச் சொல்லச் சொல்ல அவளுக்குப் பரிதாபம் கூடிக்கொண்டே போனது. அழுதுவிட்டு வண்டியேறி ஏரியில் படகு விடப் போய்விட்டார்கள்.

இரண்டே நாளில் அந்தப் படம் எங்கள் பங்கு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. நைட்டியும் வாக்கரும் மடியில் துண்டுமாக நான். கீழே, பெற்ற பிள்ளையால் கைவிடப்பட்டு இன்னும் மகள் வருவாள் என்று காத்திருக்கும் தாய் என்று எழுதியிருந்தது. முப்பது பேர் அழுகிற முகம் போட்டிருந்தார்கள். அதில் பாதிப் பேர் என்னை வந்து பார்த்து, என் ஆரஞ்சைத் தின்றுவிட்டுப் போனவர்கள்! அவர்களில் ஒருவருக்கும், "இல்லைங்க, ஸ்டெல்லா அக்கா எலும்பு முறிஞ்சு பயிற்சிக்குப் போயிருக்காங்க" என்று ஒரு வரி எழுதக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதுமையில் கைவிடப்பட்டோருக்காக ஒரு மன்றாட்டும் நடந்ததாம். என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் முழந்தாளில் நின்று எனக்காக ஜெபித்திருக்கிறார்கள். அந்த முழந்தாளில் நிற்பதற்குத்தானே நான் அங்கே பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை என் அண்ணன் அந்தோணி கரடியூரிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினான். கூட அண்ணி, தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர், என்னை வைத்துத் தூக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அண்ணன் கெட்டவன் இல்லை. சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு திருவிழாவுக்கு நடந்தவன். அதனால்தான் அன்றைக்கு அவனோடு பேசுவது கஷ்டமாக இருந்தது.

"அம்மிணி, எந்திரி. துணிமணியெல்லாம் எடுத்துக்க."

"எங்கீங்கண்ணா?"

"நம்ம ஊட்டுக்கு. நான் ஒருத்தன் கல்லாட்ட இருக்கறப்ப என் தங்கச்சி அனாதையாட்டக் கெடக்கறதா? ரோட்டுல தல காட்ட முடியல எனக்கு. இவுங்க எதுலயாவது கையெழுத்து கேட்டாங்களா? ஊட்டுப் பத்திரம் எங்க இருக்குது?"

"பத்திரம் பேங்க் லாக்கர்ல இருக்குதுங்கண்ணா. சாப்பாட்டுல பருப்பு கம்மின்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தேன், அதுல கையெழுத்துப் போட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. நான் விஷயத்துக்கு வந்தேன். "உங்க ஊட்டுல கக்கூஸ் குத்த வைக்கறதுங்கண்ணா. நான் குத்த வச்சா உள்ள வச்ச உருண்டை நழுவிரும். திரும்பியும் கத்தி வைக்கோணும்."

அண்ணி முந்திக்கொண்டு சொன்னாள். "அதுக்கென்ன அம்மிணி, பெட்பேன் வச்சுக்கலாம். நீ கட்டலை உட்டு எறங்கவே வேண்டாம். எல்லாம் நான் பாத்துக்கறேன்."

அந்த நேரம் பார்த்து ஷீலா போன் செய்தாள். அவளுக்கும் ஊர் சும்மா விட்டுவைக்கவில்லை. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பெற்றவளை இப்படி விட்டுவிட்டாயே, உனக்கும் ஒரு பெண் இருக்கிறாளே என்று கேட்டிருக்கிறார்கள். அவள் ஆபீஸ் படிக்கட்டில் நின்று அழுதுகொண்டு பேசினாள். "அம்மா, நீ மாமா கூடப் போயிரும்மா. நான் வந்து பாத்துக்கறேன். என்னால இந்தப் பேச்செல்லாம் கேக்க முடியலம்மா." எட்டு நாள் தரையில் படுத்த பெண். அவளை அழவைத்த வாய்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அப்போது நான் தோற்றுப்போனேன். சரி கண்ணு என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக் கட்டில் மேல் வைத்தேன். செல்வி சிஸ்டர் வாசலில் நின்று பார்த்தார். "போறதும் இருக்கறதும் உங்க இஷ்டமுங்கம்மா. இங்க யாரையும் பூட்டி வைக்கறதில்லீங்க. மாத்திரை எல்லாம் எடுத்துத் தாரனுங்க" என்று சொல்லிவிட்டு மருந்து எடுக்கப் போனார். பாதித் துணியை அண்ணி பைக்குள் வைத்துவிட்டாள்.

அண்ணனுக்கு முகம் தெளிந்துவிட்டது. நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டான். என் தலையில் கை வைத்து ஆறுதலாகச் சொன்னான்.

"நீ எதுக்கும் பயப்படாத அம்மிணி. மாப்பளய நீ எப்படிப் பாத்த! ஒரு நாளு கட்டலை உட்டு எறங்க உட்டிருப்பியா? பதினாலு மாசம் ராசாவாட்டம் வச்சிருந்த. ஊரே மெச்சுச்சு. அதே மாதிரி நாங்க உன்னைப் பாத்துக்கறோம்."

"அதுதானுங்கண்ணா எனக்குப் பயம்" என்றேன்.

"என்ன பேசற நீ?"

அவனுக்குப் புரியவில்லை. பையிலிருந்து துணியை எடுத்து மறுபடி அலமாரியில் வைக்கும்படி அண்ணியிடம் சொன்னேன். அவள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணன் கத்தினான். நான் பிறந்தபோதே திமிர் பிடித்தவள் என்றான், பட்டம் படித்த திமிர் என்றான் (நான் படித்தது பத்தாவது), செத்தால் கூட வரமாட்டேன் என்றான். பிறகு நாற்காலியை ஜீப்பில் போட்டுக்கொண்டு போய்விட்டான். பத்து மணிக்குக் கவிதா வந்தாள். அன்றைக்கு ஆறு படி ஏறினேன்.

ஷீலாவை அன்று சாயங்காலம் நானே கூப்பிட்டு, இனி எந்தச் சொந்தக்காரர் பேசினாலும் என் நம்பரைக் கொடு என்றேன். கொடுத்தாள். இரண்டு பேர்தான் தைரியமாகக் கூப்பிட்டார்கள். மூன்றாவது ஆள் வரவில்லை. மிளகு பறிப்புக்கு முன்னால் முதலில் வெள்ளையன் ஊருக்குப் போனார், பையன் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வர, தானே பஸ் நிறுத்தம் வரை நடந்து. நாற்பத்தாறாம் நாள் நான் போனேன்.

ரோட்டில் வண்டியை விட்டு இறங்கி, கெட்ட கால் முதலில், நல்ல கால் பின்னால் என்று இருபத்துமூன்று படியையும் இறங்கினேன். பதினோராவது படியில் ஒரு தடவை நின்றேன். ஷீலா இரண்டு படி கீழே பின்பக்கமாக இறங்கிக்கொண்டு, தொடாமல் வந்தாள். தொடக் கூடாது என்று கவிதா அவளிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். மேலே ரோட்டில் பத்துப் பேர் கூடி நின்று பார்த்தார்கள். "எப்படியோ அங்கிருந்து தப்பிச்சு வந்துட்டீங்க, கர்த்தர் கிருபை" என்றார் ஒருவர். அவர்களுக்கு எதைக் காட்டினாலும் அதில் அவர்கள் பார்க்க விரும்புவது மட்டும்தான் தெரியும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. படியில் திரும்பக் கூடாது.

இவர்களையெல்லாம் இவ்வளவு ஏசிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் முடித்தால் நானும் அந்தக் குழுவில் அழுகிற முகம் போட்டவர்களில் ஒருத்திதான். சேவியர் படுத்திருந்த கட்டிலில்தான் இப்போது நான் படுக்கிறேன். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, சொல்லிக்கொடுத்தபடி விளிம்புக்கு நகர்ந்து முதலில் ஒரு காலைத் தரைக்கு இறக்கினேன். அவரும் செய்வார். பேச்சு போய்விட்டிருந்தது, ஆனால் காலையில் நான் காப்பி கொண்டு வரும்போது போர்வையை உதறி அந்த நல்ல காலை மெதுவாகக் கீழே இறக்கி, பாதம் தரையில் பட்டதும் என் முகத்தைப் பார்ப்பார். ஒவ்வொரு நாளும் பார்ப்பார். நான் டம்ளரை வைத்துவிட்டு, "சும்மா படுத்திருங்க, நானிருக்கறனில்ல" என்று சொல்லி, அந்தக் காலை எடுத்து மேலே வைத்துப் போர்வையை இழுத்து மூடுவேன்.